குறுங்கால வழி கண்ட பெர்மா

கற்றவருட் பலர் தாம் கற்ற கல்வியையே பிழைப்புக்கு வழியாகக் கொள்வர். வேறொரு தொழிலாற் பொருளீட்டிக்கொண்டு, கல்வியைக் கல்வியின் பொருட்டே பேணுவோர் ஒரு சிலரே. பிரான்சு தேசத்திலே 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பியர் த பெர்மா என்னும் பெரியார் இச் சிறு கூட்டத்தாருக்குத் தலைமை பூண்டவர். அவர் நீதிமன்றத்திலே வழக்காராய்ந்து வாழ்ந்தவர். கணிதம் அவர்க்கு ஓய்வுநேரத் துணையாகவே இருந்தது. ஆயினும் எண்ணியல், நிகழ்தகவு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம், நுண்கணிதம், ஒளியியல் ஆகிய துறைகளின் வரலாற்றை அவர் பெயரை விலக்கி எழுதுதல் இயலாது.

எமது கல்லூரியின் பழைய மாணவருள் எழுதுவினைஞர் உளர். ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர், வணிகர், கமக்காரர் உளர். கல்லூரியை விட்டகன்ற பின் புத்தகத்தை மூடிவைத்தல் வேண்டும் என்னும் நியதி யாதுமில்லை என்பதற்குப் பெர்மாவின் வாழ்க்கை அவர்க்கெல்லாம் சான்றாகும். உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் மாணவர்க்கோ அவர் இன்னுமொரு வகையில் உறவினர். நீரிலே ஒரு கதியிலும் நிலத்திலே வேறொரு கதியிலும் செல்லும் ஒருவன், குறைந்த நேரத்தில் வீடு சேர எவ்விடத்திற் கரையேறல் வேண்டும் என வினவுங் கணக்கை அவர்கள் அறிவர். வகையிடுதலில் வல்லவரான மாணவரும் அக்கணக்கைக் கண்டவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுதலைப் பன்முறை கண்டுள்ளோம். வகையிடுதற்குரிய சார்பு வினாவிலே தரப்படவில்லை. அதனை மாணவனே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு ஆக்கிக்கொள்ளுதலே அறிவின் பெரும்பகுதி என்பதனைப் பெர்மாவின் வாழ்க்கை போல விளக்குவது பிறிதில்லை. ஆதலின் அவ்வாழ்க்கையை அக்கணக்கோடு சேர்த்து ஈண்டுக் கூற முற்பட்டோம்.

பிறப்பும் தொழிலும்

பிரான்சின் தென்மேற்கிலுள்ள போமொன் த லொமாஞ் என்னும் சிற்றூரே பெர்மா பிறந்த ஊர். அவர் பிறந்த ஆண்டு 1601 எனப் பழைய நூல்கள் கூறும். 1607 என்பதே பொருந்தும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கொள்வர். தந்தையார் தோல் வணிகத்தாற் செல்வம் பெற்றவர். மகன் சட்டம் பயின்று அரச சேவையிற் புகுதற்கு அச்செல்வம் துணையாயிற்று. 1620களின் இறுதியிலே போர்தோ நகரிற் சிலகாலந் தங்கிய இளைஞர், பிரான்சுவா வியெத் என்னும் கணிதரின் நூல்களை அங்கே பயின்றார். வியெத் தாமும் சட்டவறிஞர், 1603இல் இறந்தவர். கணக்கிலே தெரியாத கணியங்களை உயிரெழுத்துக்களாலும், தெரிந்த கணியங்களை மெய்யெழுத்துக்களாலும் குறிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவரே. உயிரும் மெய்யும் பிரித்தறிந்து வளரும் தமிழ் மாணவர்க்கு இப்பாகுபாடு எளிதில் மனங்கொள்ளத்தக்கது. பெர்மா தம் வாழ்நாள் முழுவதும் இம்முறையையே கையாண்டார்.

ஓர்லெயான் பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்ற அவர், 1631ஆம் ஆண்டிலே தூலூஸ் நகர உயர் நீதிமன்றத்தில் ஆலோசகர் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே லூயிஸ் த லோங் என்னும் மங்கையை மணந்தார். மக்கள் ஐவர் வளர்ந்து வாழ்வு பெற்றனர். இறக்குந்துணையும் நீதிமன்றப் பணியை அவர் விட்டாரல்லர். கிரேக்கமும் இலத்தீனும் இத்தாலியமும் இசுப்பானியமும் அறிந்தவர், கவிபாடவும் வல்லவர். 1650களின் தொடக்கத்தில் அந்நாட்டைக் கொள்ளைநோய் வருத்தியபோது அவரும் நோயுற்றார். அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தி 1653இல் நண்பரிடையே பரவிப் பின்பு மறுக்கப்பட்டது.

அக்காலத்தில் விஞ்ஞான சஞ்சிகைகள் இல்லை. பாரிசு மாநகரில் மெர்சென் என்னும் துறவியார், ஐரோப்பியக் கணிதர் பலருக்கும் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவித்து வந்தார். 1636இல் பெர்மாவின் கடிதத் தொடர்பு மெர்சென்னோடு தொடங்கிற்று. அக்கடிதங்களாலேயே அவர் புகழ் பரந்தது.

உயர்வும் இழிவும் காணும் முறை

ஒரு கணியம் தன் உயர்ந்த பெறுமானத்தை அல்லது இழிந்த பெறுமானத்தை எங்கே அடையும் என்பதைக் காணுதற்குப் பெர்மா வகுத்த முறை 1630களின் பிற்பகுதியிற் பாரிசுக் கணிதரிடையே கைமாறியது. நியூற்றனும் லைப்னிட்சும் அப்போது பிறந்திலர். அம்முறையின் கருத்து மிக எளியது. மலையுச்சியில் நிற்பவன் ஓரடி முன்வைத்தால் உயரம் கணிசமாக மாறுவதில்லை. சரிவில் நிற்பவனுக்கோ மாறும். இதனைப் பெர்மா எழுத்திலே அமைத்தார். தெரியாத கணியத்தை அ எனக் கொள்க. அதனை எ என்னும் மிகச் சிறியதோர் அளவால் மாற்றி, அ + எ என எழுதுக. இரண்டிடத்தும் பெறும் பெறுமானங்களை ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமன் எனக் கொண்டு, பொதுவானவற்றை நீக்கி, எஞ்சியதை எ என்பதால் வகுத்து, அதன்பின்னும் எ நிற்கும் உறுப்புக்களை விலக்குக. விடை கிடைக்கும்.

சான்றாக, 40 முழக் கயிறொன்றினால் நீள்சதுரமான தோட்டமொன்றை அடைக்கும்போது, ஒரு பக்கம் அ முழமாயின் அடுத்த பக்கம் 20 − அ முழமாகும். பரப்பு 20அ − அ². பெர்மாவின் முறைப்படி அ என்பதற்கு அ + எ எனப் பதிலிட்டு நீக்கி வகுத்து விலக்கினால், 20 = 2அ என வரும். பக்கம் 10 முழம், வடிவம் சதுரம். இன்று மாணவர் பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்துவது இதன் திருந்திய வடிவமேயாகும்.

தெக்கார்த்துடன் எழுந்த வழக்கு

1637ஆம் ஆண்டிலே தெக்கார்த் என்னும் தத்துவஞானியார் ஒளியைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காற்றிலிருந்து நீருட் புகும் ஒளிக்கதிர் வளைந்து செல்லும்போது, படுகோணத்தின் சைனுக்கும் முறிகோணத்தின் சைனுக்கும் உள்ள விகிதம் மாறாது என்னும் விதி அதிற் கூறப்பட்டது. இவ்விதியைப் பக்தாத் நகரத்து இபின் சாகல் 984இலும், ஒல்லாந்தரான சினெல் 1621ஆம் ஆண்டளவிலும் கண்டிருந்தனர். எனினும் அச்சேறி உலகறிந்தது தெக்கார்த்தின் நூலாலேயே. தெக்கார்த் இவ்விதிக்குக் கூறிய காரணத்தில், அடர்த்தி மிக்க ஊடகத்தில் ஒளி எளிதாகவும் விரைவாகவும் செல்லும் என்னும் கருத்து அடங்கியிருந்தது.

அந்நூலைப் படித்த பெர்மா, விதிக்குக் காட்டப்பட்ட நியாயம் போதாது என மெர்சென்னுக்கு எழுதினார். புகழின் உச்சியில் நின்ற ஒருவரை மாகாண நீதிபதியொருவர் மறுத்தல் சிறு செயலன்று. தெக்கார்த் சினங்கொண்டார். 1638இலே பெர்மாவின் உயர்வு இழிவு முறையையும், அதனாற் கண்ட தொடலி முறையையும் கடுமையாகத் தாக்கினார். ரொபெர்வால் முதலியோர் பெர்மாவின் பக்கம் நின்றனர். முறை பிழையற்றது என்பதை அவ்வாண்டிலேயே தெக்கார்த்தும் ஒருவாறு ஏற்க நேர்ந்தது. எனினும் மனக்கசப்பு நீங்கவில்லை. ஒளிபற்றிய வினாவோ தீர்க்கப்படாமல் இருபது ஆண்டுகள் கிடந்தது. தெக்கார்த் 1650இல் இறந்தார்.

வாவிக்கரையில் ஒரு கணக்கு

அவ்வினாவைப் பெர்மா எவ்வாறு தீர்த்தார் என்பதைச் சொல்லுமுன், அதன் எளிய வடிவத்தை எமக்குப் பழக்கமான ஓரிடத்தில் வைத்துச் செய்து பார்த்தல் நன்று. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்தது நாவற்குடா. 1924இல் கல்லடிப் பாலம் அமையுமுன், இக்கரையோர் மட்டக்களப்பு நகருக்குச் செல்லத் தோணியையே நம்பியிருந்தனர். நீர்வழியும் நிலவழியும் சேர்ந்த பயணம் இவ்வூருக்குப் புதியதன்று.

நாவற்குடாவின் வாவிக்கரையை ஒரு நேர்கோடு எனக் கொள்வோம். மீனவர் ஒருவர் தோணியிலே கரையிலிருந்து செங்குத்தாக 480 மீற்றர் தூரத்தில் நிற்கின்றார். கரையில் அவர்க்கு மிக அண்மையான இடத்திலிருந்து, கரைவழியே 1160 மீற்றர் தூரத்தில் அவர் வீடு உள்ளது. தோணி நிமிடத்துக்கு 48 மீற்றர் செல்லும்; கரையில் அவர் நிமிடத்துக்கு 80 மீற்றர் நடப்பார். எவ்விடத்திற் கரையேறினால் மிகக் குறைந்த நேரத்தில் வீடு சேர்வார்?

முதலாவது, எதனை இழிவாக்கல் வேண்டும் என்பதைத் துணிக. தூரத்தையன்று, நேரத்தை. மாணவர் பலர் வழுக்கி விழுமிடம் இதுவே. இரண்டாவது, மீனவர் தம் விருப்பப்படி மாற்றத்தக்கது யாது எனக் காண்க. கரையேறும் இடம் ஒன்றே அவர் கையில் உள்ளது. ஆதலின், அண்மையான இடத்திலிருந்து கரையேறும் இடம் வரையுள்ள தூரத்தை, வியெத்தும் பெர்மாவும் செய்தாற்போல உயிரெழுத்தொன்றினால், அ மீற்றர் எனக் குறிப்போம். மூன்றாவது, பயணத்தை இரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தூரத்தையும் அ கொண்டு எழுதுக. நீர்வழி ஒரு செங்கோண முக்கோணியின் செம்பக்கமாதலின் அதன் நீளம் √(480² + அ²). நிலவழியின் நீளம் 1160 − அ. நான்காவது, ஒவ்வொரு தூரத்தையும் அதற்குரிய கதியாலேயே வகுக்க. இரு கதிகளின் சராசரியால் முழுத்தூரத்தையும் வகுத்தல் பெரும்பிழை. நீரிற் செலவாகும் நேரமும் நிலத்திற் செலவாகும் நேரமும் சமனல்ல. ஆகவே, நிமிடத்திற் கூறிய மொத்த நேரம்:

நேரம் = √(480² + அ²) ÷ 48 + (1160 − அ) ÷ 80

ஐந்தாவது, அ எவ்வெல்லைக்குள் நிற்கும் எனக் கூறுக. அது பூச்சியத்துக்கும் 1160க்கும் இடைப்பட்டது.

சார்பை ஆக்கியவுடன் வகையிட விரைதல் தகாது. எல்லைகளில் அதனைச் சோதித்தல் நன்று. அ = 0 ஆயின், மீனவர் நேரே கரையேறி 1160 மீற்றரும் நடப்பார்; நீரில் 10 நிமிடம், நிலத்தில் 14.5 நிமிடம், மொத்தம் 24.5. அ = 1160 ஆயின், வீட்டு வாயில் வரை தோணியிலேயே செல்வார்; தூரம் ஏறக்குறைய 1255 மீற்றர், நேரம் ஏறக்குறைய 26.2 நிமிடம். சார்பு தரும் விடைகளும் சாதாரண அறிவு தரும் விடைகளும் ஒத்திருத்தலின், சார்பை நம்பலாம்.

இனி வகையிடுதல் இரண்டு வரியில் முடியும். பெறுதியைப் பூச்சியமாக்கினால், அ ÷ √(480² + அ²) = 48 ÷ 80 என வரும்; அதாவது 3 ÷ 5. முக்கோணியின் பக்கங்கள் 3, 4, 5 என்னும் விகிதத்தன என்பது புலனாகும். செங்குத்துத் தூரம் 480 ஆதலின், அ = 360; நீர்வழி 600 மீற்றர். நேரம் நீரில் 12.5 நிமிடம், நிலத்தில் 800 மீற்றருக்கு 10 நிமிடம், மொத்தம் 22.5 நிமிடம். இரண்டாம் பெறுதி எப்போதும் நேராதலின் இது இழிவே. நேரே கரையேறுவதிலும் 2 நிமிடமும், தூரத்தாற் குறுகிய நேர்வழியிலும் மூன்றரை நிமிடத்துக்கு மேலும் மிச்சமாகின்றன.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. வீட்டின் தூரமாகிய 1160 என்பது விடையிற் பங்கு கொள்ளவில்லை. வீடு 2000 மீற்றர் தூரத்தில் இருப்பினும் கரையேறும் இடம் 360 மீற்றரே. ஆயின் வீடு 200 மீற்றர் தூரத்தில் மாத்திரம் இருந்தால், 360 என்பது எல்லைக்கு வெளியே போய்விடும்; அப்போது நேரே வீட்டுக்குத் தோணி செலுத்துதலே குறுங்கால வழி. எல்லையை எழுதாத மாணவன், வீட்டைக் கடந்து சென்று திரும்பி நடக்கும்படி மீனவருக்குக் கூறுவான்.

இப்போது வீட்டைக் கரையிலிருந்து பெயர்த்துக் கடற்பக்கமாக உட்புறத்தே வைப்போம். அப்பொழுது நிலவழியும் சாய்ந்த கோடாகும். சார்பின் இரண்டாம் உறுப்பும் வர்க்கமூலமாகும். பெறுதியைப் பூச்சியமாக்கினால், கரைக்கு வரைந்த செவ்வனோடு நீர்வழி ஆக்கும் கோணத்தின் சைனை நீர்க்கதியால் வகுத்து வருவதும், நிலவழி ஆக்கும் கோணத்தின் சைனை நிலக்கதியால் வகுத்து வருவதும் ஒன்றேயாகும். தோணிக்காரருக்குப் பதிலாக ஒளிக்கதிரை வைத்தால், இதுவே பெர்மாவின் கணக்கு.

1662ஆம் ஆண்டின் முதல் நாள்

1657இல் லா ஷாம்பிர் என்னும் அரண்மனை வைத்தியர் ஒளியைப்பற்றித் தாம் எழுதிய நூலைப் பெர்மாவுக்கு அனுப்பினார். கண்ணாடியில் தெறிக்கும் ஒளி மிகக் குறுகிய வழியிற் செல்லும் என்று அலெக்சாந்திரியாவின் ஏரோன் பண்டைக்காலத்திற் கூறியது அந்நூலில் நினைவூட்டப்பட்டிருந்தது. அதனைக் கண்ட பெர்மா, முறிவிலும் இயற்கை இவ்வாறே சிக்கனமாக நடத்தல் வேண்டும் எனக் கருதினார். ஆயின் முறிவடையும் கதிர் நேர்கோட்டை விட்டு வளைகின்றது, தூரம் குறையவில்லை. ஆதலின் இயற்கை இழிவாக்குவது தூரமன்று, நேரம் எனத் துணிந்தார். அடர்த்தி மிக்க ஊடகம் ஒளியைத் தடுத்து மெதுவாக்கும் என்னும் தம் கொள்கையையும் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு கணக்கு அமைந்துவிட்டது.

அமைத்தபின்னும் அவர் ஏறக்குறைய ஐந்தாண்டு தயங்கினார். காரணம் இரண்டு. தெக்கார்த்தின் விதி பரிசோதனைக்கு ஒத்திருக்கின்றது எனப் பலர் கூறினர். தம் கொள்கை தெக்கார்த்தின் கொள்கைக்கு நேர்மாறானது. ஆதலின் அதிலிருந்து வரும் விதியும் வேறாகவே இருக்கும், உலகமோ பரிசோதனையின் பக்கமே நிற்கும் என அவர் எண்ணினார். மற்றையது, வர்க்கமூலங்கள் நிறைந்த கணக்கின் நீளத்தைக் கண்டு கொண்ட மலைப்பு. சங்கிலி விதி முதலிய கருவிகள் அன்று இல்லை. மூலங்களை ஒவ்வொன்றாக வர்க்கித்து நீக்கும் வேலை மேதைகளையும் சோர்வுறச் செய்யும்.

ஈற்றில் லா ஷாம்பிரின் தூண்டுதலாற் கணக்கைச் செய்து முடித்து, 1662ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி அவருக்கு எழுதினார். விடை அவரையே வியப்பில் ஆழ்த்திற்று. எதிர்க்கொள்கையிலிருந்து தொடங்கியபோதும் வந்து சேர்ந்த விதி தெக்கார்த்தின் சைன் விகிதமே. இருபத்தைந்து ஆண்டு பகைத்த ஒருவரின் விதியைத் தம் கணக்கே உறுதிசெய்தது. இத்தகைய நிலையில் விடையை மறைத்தோர் உளர். எண்களைத் திருத்தியோரும் உளர். பெர்மா உள்ளதை உள்ளவாறே எழுதினார். விதி தெக்கார்த்துடையதே, அதற்குக் காட்டிய காரணம் மட்டும் பொருந்தாது என்பதே அவர் முடிபு. நீதிபதிக்குரிய நடுவுநிலைமை கணிதத்திலும் அவரைக் கைவிடவில்லை.

தெக்கார்த்தின் அடியவரான கிளெர்செலியே உடனே மறுப்பு எழுதினார். எங்கே போகின்றோம் என்பதை அறியாத ஒளி, குறுங்கால வழியை எவ்வாறு தேர்ந்துகொள்ளும்? இயற்கைக்கு நோக்கம் கற்பித்தல் பௌதிகமாகாது என்பது அவர் வாதம். அவ்வினா வலியுடையதே என்பதை மறுக்கலாகாது. பெர்மா வாதத்தை வளர்த்தாரல்லர். இயற்கையின் மறைபொருளைத் தாம் அறிந்ததாகக் கூறாது, கேத்திரகணிதக் கணக்கை மாத்திரம் தமக்கு வைத்துக்கொண்டு, பௌதிகத்தை அவர்களிடமே விட்டு விலகினார்.

மறைவும் பின்வந்த தீர்ப்பும்

1665ஆம் ஆண்டு சனவரி 12ஆந் தேதி, நீதிமன்றக் கடமையின் பொருட்டுச் சென்றிருந்த காஸ்திர் நகரிலே பெர்மா உயிர் நீத்தார். ஒளிக்கு முடிவுள்ள கதி உண்டு என்பதே அன்று நிறுவப்படவில்லை. இரோமர் 1676இற்றான் அதனை வியாழனின் துணைக்கோள் ஒன்றின் கிரகணங்களைக்கொண்டு காட்டினார். லைப்னிட்சு 1684இல் நுண்கணிதத்தை முதன்முதல் வெளியிட்ட கட்டுரையிலே, பெர்மாவின் முறிவுக் கணக்கைத் தம் முறையாற் சில வரிகளிற் செய்து காட்டினார். பெர்மா ஐந்தாண்டு அஞ்சிய வேலை எளிதாயிற்று; ஆயின் லைப்னிட்சு வகையிட்ட சார்பு பெர்மா அமைத்ததே. யோகான் பேணூலி 1697இல், ஒரு மணி தன் பாரத்தால் மிக விரைந்து இறங்கும் வளைகோடு யாது என்னும் வினாவுக்குப் பெர்மாவின் தத்துவத்தைக்கொண்டே விடை கண்டார். 1850ஆம் ஆண்டிலே பூக்கோ என்பார், நீரில் ஒளி காற்றிலும் மெதுவாகவே செல்கின்றது எனப் பரிசோதனையாற் காட்டினார். நீதிபதியார் தொடுத்த வழக்குக்கு அவர் இறந்து 185 ஆண்டுகளின் பின் தீர்ப்புக் கிடைத்தது.

பிற்காலத்தார் அத்தத்துவத்தைச் சிறிது திருத்தினர். வளைந்த ஆடிகளிற் சில அமைப்புக்களில் ஒளி செல்லும் நேரம் இழிவாகாது உயர்வாகவும் இருக்கும். அயல்வழிகளோடு ஒப்பிடும்போது நேரம் முதல் வரிசையில் மாறாதிருத்தலே உண்மை விதி. அலைக்கொள்கை கிளெர்செலியேயின் வினாவுக்கும் விடை தருகின்றது. ஒளியலை எல்லா வழிகளிலும் பரவுகின்றது. நேரம் மாறாத வழியை ஒட்டியவை ஒன்றையொன்று வலுப்படுத்த, ஏனையவை ஒன்றையொன்று அழிக்கின்றன. உச்சியில் ஓரடி எடுத்துவைத்தால் உயரம் மாறாது என்னும் பெர்மாவின் முதற் கருத்தே ஈண்டும் உயிராக நிற்றல் காண்க.

அவர்பாற் குறை இல்லையென்று கூறோம். தம் பெயரோடு ஒரு கணித நூலையும் அவர் வாழ்நாளில் வெளியிட்டாரல்லர். நிறுவலை வெளியிடாது முடிபை மாத்திரம் அனுப்பிப் பிறரை வருத்துதலும் அவர் வழக்கம். தயபந்தசு என்னும் கிரேக்க ஆசிரியரின் நூலோரத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புக்களை மூத்த மகனார் சாமுவேல் 1670இல் அச்சிட்டார். இரண்டிலும் உயர்ந்த அடுக்குக்களைப்பற்றி அவற்றுள் ஒன்று கூறிய முடிபை நிறுவுதற்கு உலகம் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தது. அந்திரு வைல்சு தந்த நிறுவல் 1995இல் வெளியாயிற்று. 1654இலே பாஸ்கலோடு நடத்திய கடிதப் போக்குவரத்தால் நிகழ்தகவுக் கணிதம் தோன்றியதும் ஈண்டு நினைத்தற்குரியது. கணிதக் கட்டுரைகளின் திரட்டு 1679இல் தூலூசில் வெளிவந்தது.

மாணவர்க்கு ஒரு சொல்

தொழில் ஒன்றாகவும் கல்வித்துறை பலவாகவும் வாழ்ந்தோர் பிரான்சுக்கு மாத்திரம் உரியவரல்லர். 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. நாவற்குடாவுக்கு அண்மையிலுள்ள கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். பழந்தமிழ் யாழைப்பற்றிய ஆராய்ச்சியிலே நரம்புகளின் அளவையும் சுரங்களின் விகிதத்தையும் கணித முறையால் ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அங்கும் கூட்டலும் பெருக்கலும் பின்வந்தவை. எதனை எண்ணாக மாற்றி எதனோடு ஒப்பிடல் வேண்டும் எனத் துணிந்ததே முதல் வேலை.

இக்காலத்திற் பெறுதி காணும் வேலையைக் கணினியும் கைத்தொலைபேசியும் கணப்பொழுதில் முடித்துவிடும். ஆதலின் அவ்வேலையில் மாத்திரம் திறமை பெற்றவன் பெற்ற பயன் சிறிது. எதனைக் குறைத்தல் வேண்டும், எது என் கையில் உள்ளது, எவ்வெல்லைக்குள் உள்ளது என்று வினவி, உலகத்து நிகழ்ச்சியை ஒரு சார்பாக எழுதவல்லவனே கணிதம் கற்றவனாவான். எழுதியபின், விடை தனக்கு உவப்பாயினும் உவர்ப்பாயினும் அதனை ஏற்கும் நேர்மையும் அவனுக்கு வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவர் தூலூஸ் நகரத்து நீதிபதியார்.

பரீட்சை மண்டபத்திலே தோணியும் கரையும் கூறும் வினாவைக் காணும் எம் இளஞ்சகோதரர் இனி எழுதுகோலைக் கீழே வையாதிருப்பாராக. முதலில் ஒரு படம் வரைக. ஓர் உயிரெழுத்தை எழுதுக. நேரத்தைத் தூரம் கதி என்பவற்றாற் கூறுக. எஞ்சியது தானே வரும். கல்லூரியை விட்டு நெடுந்தூரஞ் சென்றுவிட்ட பழைய மாணவரும், நாட்பணி முடிந்த மாலைப்பொழுதில் ஒரு கணக்கையோ ஒரு நூலையோ கையில் எடுப்பாராக. எமது கல்லூரித்தாய் இவ்விருசாராராலும் மேன்மேலும் விளங்க இறைவன் திருவருள் துணைநிற்குக.